அறியாமை எதுவரை மன்னிக்கப்படும்?

கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைக் கடந்து மேற்கே செல்லும் சாலையில், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர் இருக்கின்றது. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில் ஒருமுறை நாம் நண்பகல் உணவு அருந்தினோம். சூடான சோறு, மலைப்பூண்டுக் குழம்பு, பீன்ஸ் பொரியல். பொரியலின் சுவையை நாம் புகழ்ந்ததும் அந்த வீட்டு அம்மாவின் முகம் மலர்ந்தது. உணவு முடிந்தபின் கொல்லைப்புறத்துக்கு அழைத்துச் சென்று, அடுப்படியை ஒட்டி ஒரு கட்டில் அகலமே இருந்த பாத்தியைக் காட்டினார். "இது வீட்டுக்குங்க ஐயா. இதுல மருந்து அடிக்கிறதில்லை" என்றார். வேலிக்கு அப்பால் அரை ஏக்கர் பரப்பில் பீன்ஸ் கொடிகள் செழித்து நின்றன. "அது?" என்று கேட்டோம். "அது சந்தைக்குங்க" என்றார்.

கள்ளம் இல்லாத பதில் அது. மறைக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நாமும் அதைப் பெரிதாக எண்ணாமல் நன்றி கூறி விடைபெற்றோம். மாலையில் மலையிறங்கும் வழியில், பெருமாள்மலையில் வண்டியை நிறுத்தி வீட்டுக்கென்று ஒரு கிலோ பீன்ஸ் வாங்கினோம். பை கைக்கு வந்தபோதுதான் நமக்கு உறைத்தது. நண்பகலில் விருந்தினராக இருந்த நமக்கு அடுப்படிப் பாத்தி கிடைத்தது. மாலையில் வாங்குபவராக மாறிய நமக்குச் சந்தைப் பாத்தி கிடைத்தது. மலையும் மாறவில்லை, நாளும் மாறவில்லை. அவர்களுக்கும் நமக்கும் இருந்த உறவு மட்டுமே மாறியிருந்தது.

தம் பிள்ளைக்குக் கொடுக்க அஞ்சுவதைப் பிறர் பிள்ளைக்கு விற்கலாமா? இக்கேள்வியை அந்த அம்மாவிடம் கேட்பது எளிது. நம்மிடமே கேட்பதுதான் கடினம். தெரிந்தும் வாங்கிய நாம் யார்? தெரியாமல் வாங்கியிருந்தால் குற்றமற்றவர் ஆகிவிடுவோமா? அறியாமை எதுவரை மன்னிக்கப்படும் என்னும் பழைய கேள்வி, ஒரு கிலோ பீன்ஸின் வழியாக நம்மிடம் வந்து நிற்கின்றது.

மருந்து என்னும் சொல்

பூச்சியைக் கொல்லும் நஞ்சை நம் மக்கள் நஞ்சென்று சொல்வதில்லை, மருந்து என்றே சொல்கிறார்கள். மருந்து அடித்தாயிற்றா, ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி மருந்து என்றுதான் தோட்டத்தில் பேச்சு. மிகக் கொடியவற்றின் புட்டியில் சிவப்பு அடையாளமும் மண்டை ஓடும் அச்சிட்டிருந்தாலும், வாயில் வரும் சொல் மருந்துதான். அச்சொல்லை எள்ளி நகையாட நாம் முன்வரவில்லை. ஏனெனில் அதில் பாதி உண்மை உண்டு.

1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை ஓர் அழுகல் நோய் தாக்கியது. கிழங்கையே நம்பியிருந்த ஏழை மக்களில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் அடுத்த சில ஆண்டுகளில் பசியாலும் பிணியாலும் மாண்டனர். அன்று அந்நோய்க்கு மருந்து இல்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பிரான்சில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை வந்தது. அதற்குமுன் அவ்வயல்களைக் காக்க வழியே இருந்ததில்லை. அதே நோய் இன்றும் கொடைக்கானல் மூடுபனியில் கிழங்குச் செடிகளைத் தேடி வருகின்றது. கீழ்ப்பழனி மலையின் பெருமையாகிய விருப்பாச்சி மலைவாழையை, அசுவினிப் பூச்சி சுமந்துவரும் முடிக்கொத்து நோய் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருமளவு அழித்தது. தன் கண்முன்னே ஓராண்டு உழைப்பு கருகுவதைக் கண்ட மனிதர் தெளிப்பானைத் தோளில் மாட்டுவதைக் குறை சொல்ல நமக்கு நா எழாது.

ஆயினும் மறுபாதியும் உண்மையே. தெளித்த மருந்து சில நாட்கள் வெயிலிலும் மழையிலும் காற்றிலும் சிதைந்து குறைய வேண்டும், அதற்குப் பின்பே காயைப் பறிக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு நாட்கள் மருந்துக்கு மருந்து மாறுபடும். முட்டைக்கோசுக்கு இதைக் கடைப்பிடிப்பது ஓரளவு எளிது, ஒருமுறைதானே அறுவடை! பீன்ஸ் அப்படியன்று. சில நாட்களுக்கு ஒருமுறை பறித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் முற்றிவிடும். புழுவும் இடைவிடாமல் வரும். மலையடிவாரத்தில் ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை ஏறிவிட்டது என்று செய்தி வந்தால், நேற்றுத் தெளித்தது இன்று மூட்டையில் ஏறும். கடன் கொடுத்த கமிஷன் மண்டிக்காரர் காத்திருப்பு நாட்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

காயில் எஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஒரு குறிப்பிட்ட நஞ்சுக்குத் தனி வரம்பு வகுக்கப்படாத இடத்தில், ஒரு கிலோ உணவில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. ஆளுக்குப் பத்து டன் ஏற்றிய பத்து லாரிகளில் ஒரே ஒரு கிராம் என்று கணக்கிட்டால் அதன் நுண்மை விளங்கும். இதை அளக்கக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் விலையுயர்ந்த கருவிகள் உள்ளன. காயை அரைத்து, சாறெடுத்து, தூய்மைப்படுத்தி, கருவியில் செலுத்தி முடிவு எழுதுவதற்குள் அந்தச் சுமையின் காய்கள் எங்கோ சமைத்து உண்ணப்பட்டிருக்கும். எனவேதான் சந்தை வாசலிலேயே சில நிமிடங்களில் பதில் சொல்லும் வேதி உணரிகளை அறிவியலார் தேடலாயினர்.

சாட்சி சொல்லும் நொதி

அந்த உணரிகளுள் ஒருவகை வேலை செய்யும் விதத்தை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. அதில் அறிவியல் மட்டுமன்றி அறநெறிப் பாடம் ஒன்றும் அடங்கியிருக்கின்றது.

நம் நரம்பு தசைக்கு ஒரு கட்டளை அனுப்பும்போது அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றது. கட்டளை சேர்ந்ததும் அப்பொருளை உடனே சிதைத்துவிட ஒரு நொதி காத்திருக்கின்றது. அதன் பெயர் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். அது இல்லாவிட்டால் கட்டளை ஓயாது ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்னும் இரண்டு வகைப் பூச்சிக்கொல்லிகளும் இந்த நொதியைத்தான் பிடித்துக் கட்டிப்போடுகின்றன. பூச்சி துடித்துச் சாகின்றது. மனிதருக்கும் அதே நொதி உண்டாதலால், நஞ்சு மிகுந்தால் வியர்வையும் எச்சிலும் பெருகும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், இறுதியில் மூச்சு நிற்கும். 1930-களில் ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சேர்மங்களில் ஒன்றுதான் தபுன் என்னும் போர் நச்சுப்பொருள். மருந்துக்கும் கொலைக்கருவிக்கும் இடையே அவ்வளவு சிறிய தூரம்.

உணரியில் இதே நொதியைத்தான் ஒரு தாள்பட்டையிலோ மின்வாயிலோ பூசி வைக்கிறார்கள். காய்கறியின் சாற்றில் அதை நனைத்து, பின்பு நொதி சிதைக்கக்கூடிய ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். நொதி நலமாக இருந்தால் அப்பொருள் சிதைந்து நீலநிறம் தோன்றும், மின்வாயாக இருந்தால் மின்னோட்டம் பிறக்கும். சாற்றில் நஞ்சு இருந்தால் நொதி முடங்கிப்போகும், நிறம் தோன்றாது. தைவானில் வீட்டு ஈயிலிருந்து எடுத்த இந்நொதியைக் கொண்டு 1980-களிலிருந்தே காய்கறிகளைச் சோதித்து வருகிறார்கள். மின்விலாங்கு மீனிலிருந்து எடுத்ததைப் பயன்படுத்தும் ஆய்வுக்கூடங்களும் உண்டு.

ஈ, விலாங்கு, மனிதர் ஆகிய எல்லா உடலிலும் ஒரே சாட்சி குடியிருக்கின்றது. இதை அறிந்தபோது அந்தச் சிற்றூர் வீட்டில் கண்ட மற்றொன்று நம் நினைவுக்கு வந்தது. அவ்வீட்டின் மூத்த மகன் கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவர். நாம் உண்டுகொண்டிருந்தபோது அவர் திண்ணையில் சுருண்டு படுத்திருந்தார். "வாடை ஏறிடுச்சுங்க, சாயந்தரம் சரியாயிரும்" என்றார் தாய். தலைவலி, கண் மங்கல், குமட்டல். ஒரு செம்பு மோரும் ஒரு குளியலும்தான் அதற்கு வைத்தியம். பட்டையில் நிறம் தோன்றாமற் போவதற்கும், அந்த இளைஞரின் கண்கள் மங்குவதற்கும் காரணம் ஒன்றாகவே இருக்கக்கூடும். கருவி வருவதற்கு நெடுங்காலம் முன்பே அவருடைய உடல் உணரியாக இருந்து சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நாம்தான் அதைப் படிக்கவில்லை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், இவ்வகை நஞ்சோடு பணிபுரிவோரின் இரத்தத்தில் இந்நொதியின் அளவைப் பார்க்க வேண்டும் என்று பேசுகின்றன. மலைத்தோட்டத்தில் கூலிக்கு மருந்தடிக்கும் ஓர் இளைஞருக்கு அச்சோதனை நடந்ததாக நாம் கேள்விப்பட்டதே இல்லை. 2017-இல் மராட்டிய மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த உழவரும் கூலியாட்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதுதான் நாடு சற்றே திரும்பிப் பார்த்தது.

கருவியும் பொய்ச்சாட்சி சொல்லும்

கருவியைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நொதிப்பட்டை இந்த இருவகை நஞ்சை மட்டுமே அறியும். கிழங்குக்குத் தெளிக்கும் பூசணக்கொல்லிகள் பலவற்றுக்கும், பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் அது குருடு. பட்டை நீலமானால் இவ்விரு நஞ்சும் கருவிக்கு எட்டும் அளவில் இல்லை என்று பொருள் கொள்ளலாமே தவிர, காய் தூயது என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பூண்டு, வெங்காயம் போன்றவற்றில் இயற்கையாகவே உள்ள காரப் பொருட்கள் இந்நொதியைக் குழப்பும். மருந்தே படாத பூண்டும் நஞ்சுள்ளது போல் தோன்றக்கூடும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை ஒருவர் அறியாமையால் இப்பட்டையில் சோதித்து, நஞ்சு நஞ்சு என்று கூவினால், குற்றமற்ற ஓர் உழவரின் ஓராண்டு வாழ்வு அன்றே முடிந்துவிடும். பிறருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருக்க வேண்டும் என்னும் கட்டளை கருவி வைத்திருப்பவருக்கும் உரியது. ஐயம் எழுந்தால் ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்த பின்பே பெயரைச் சொல்ல வேண்டும். அவசரத் தீர்ப்பும் ஒரு நஞ்சுதான்.

மூவகை அறியாமை

இனி நம் கேள்விக்கு வருவோம். அறியாமையைத் திருச்சபையின் அறநெறி மரபு ஒரே தட்டில் வைத்து எடைபோடுவதில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் அதைப் பகுத்துக் காட்டியிருக்கிறார். எவ்வளவு முயன்றும் வெல்ல முடியாத அறியாமை உண்டு. அது குற்றத்தை நீக்கும். முயன்றால் வெல்லக்கூடிய அறியாமை உண்டு. முயலாத அளவுக்கு அது குற்றமாகும். மூன்றாவது, அறிந்தால் சங்கடம் என்று விரும்பி வரவழைத்துக்கொள்ளும் அறியாமை. அது குற்றத்தை நீக்காது, கூட்டவே செய்யும். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் மனச்சான்றைப் பற்றிப் பேசும்போதும் இதே வேறுபாட்டை மனத்தில் கொண்டிருக்கின்றது. தவிர்க்க முடியாத அறியாமையால் பிழைபடும் மனச்சான்று தன் மாண்பை இழப்பதில்லை. உண்மையைத் தேடக் கவலைப்படாதவருக்கு அந்தச் சலுகை இல்லை.

முதல்வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1958-இல் கேரளத்துக்குக் கப்பலில் வந்த உணவுப் பொருட்களோடு பாரத்தியான் என்னும் ஆர்கனோபாஸ்பேட் மருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. மருந்து கசிந்து கோதுமை மாவில் கலந்தது. அதை உண்டவர்களில் 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிள்ளைக்கு அந்த மாவில் உணவு செய்து கொடுத்த தாய்க்கு அதை அறிய எந்த வழியும் இருந்ததில்லை. அவர்மேல் குற்றம் சொல்பவர் எவரும் இலர். ஆனால் அந்த அவலத்தின் விளைவாக விசாரணை நடந்தது, 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. அதன்பின் மருந்தை உணவோடு ஏற்றுபவர் தெரியாது என்று சொல்ல முடியாது. ஓர் அறியாமை அன்றோடு காலாவதியாயிற்று.

இரண்டாம் வகையை எண்ணும்போது நம் கொடைக்கானலே கண்முன் நிற்கின்றது. 1980-களில் தொடங்கி 2001 வரை அங்கே ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இயங்கியது. வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் காய்ச்சல்மானிகளில் பாதரசம் நிரப்புவது வேலை. 2001 மார்ச்சில், உடைந்த பாதரசக் கண்ணாடிகளின் குவியல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடப்பதை ஊர்மக்கள் வெளிக்கொணர்ந்தனர். தொழிற்சாலை மூடப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டது என்றனர் தொழிலாளர்கள். அப்படி நேரவில்லை என்றது நிறுவனம். நெடுங்கால வழக்குக்குப் பின் 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. வழக்கின் தீர்ப்பை நாம் இங்கே எழுத முற்படவில்லை. உலகின் காய்ச்சலை அளக்கும் கருவி செய்த ஊரில், தம் காற்றில் என்ன கலந்திருக்கின்றது என்பதைத் தொழிலாளர் குடும்பங்களும் ஊராரும் இவ்வளவு காலம் கடந்து கேட்க நேர்ந்ததே என்பதுதான் நம் வருத்தம். அளக்க முடிந்தது அளக்கப்பட்டு, அளந்தது அனைவருக்கும் சொல்லப்பட்டிருந்தால், யார் சொல்வது மெய் என்று பதினைந்து ஆண்டுகள் வாதிட வேண்டியிருந்திருக்காது.

மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டு நாம்தான். புழு துளைக்காத, வளையாத, ஒரே நீளமான, பளபளக்கும் பீன்ஸை நாம் தேர்ந்தெடுக்கிறோம். கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடினால் அடுத்த கடைக்கு நடக்கிறோம். அப்படிப்பட்ட காய் அந்த விலைக்கு எப்படி வருகின்றது என்று கேட்பதில்லை, கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்பதால்! நம் பாட்டிமார் கத்தரிக்காயில் புழுத் துளையைக் கண்டால் அந்தப் பகுதியை நறுக்கி எறிந்துவிட்டு மீதியைச் சமைத்தார்கள். நாம் காயையே ஒதுக்குகிறோம். அந்த அம்மாவின் வேலிக்கு அப்பால் இருந்த அரை ஏக்கரை உருவாக்கியதில் நம் விரல்களுக்கும் பங்குண்டு.

மலிவான உணரி ஒன்று எல்லார் கையிலும் வரும் நாள், இந்த மூன்றாம் வகை அறியாமைக்கு இறுதி நாளாக அமையும். அதுவே அக்கருவியின் அறநெறிப் பொருள் என்று நாம் கருதுகிறோம். நம்மை நல்லவராக்கும் ஆற்றல் எந்தக் கருவிக்கும் இல்லை. தெரியாது என்று சொல்லி ஒதுங்கும் வசதியை மட்டும் அது நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும்.

அறிந்தபின் என்ன?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அறிவு வந்தாலே நீதி வந்துவிடாது. 2015-இல் தமிழகக் காய்கறிகளில் மருந்து எச்சம் மிகுதி என்று கேரள அரசின் உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தபோது, நம் மாநிலம் அதை மறுத்தது. இரு பக்கமும் அறிக்கைகள் பறந்தன. பேச்சு பெரும்பாலும் எல்லை கடக்கும் லாரியைப் பற்றியதாகவே இருந்தது. நம் மனத்தில் எழுந்த கேள்வி வேறு. வாசலில் சோதிக்க வசதியுள்ளவர் திருப்பி அனுப்பும் சுமை எங்கே போகும்? கடலில் கொட்டப்படுமா? சோதிக்க வசதியில்லாத வாரச்சந்தைக்குப் போகும், அந்திக்கடையில் பாதி விலைக்குக் கூறுகட்டப்படும். குறைந்த விலைக்குக் காய்கறி தேடும் நம் மாணவர் விடுதிகளின் சமையற்கட்டுக்கும் வரலாம். கருவி செல்வர் கையில் மட்டும் இருந்தால், நஞ்சு ஏழையின் தட்டை நோக்கி நகருமே அன்றிக் குறையாது. சோதனை என்பது பொதுச்சொத்தாக, சந்தையின் நுழைவாயிலில், எல்லாச் சுமைக்கும் உரியதாக அமைவதே நீதி.

சுமை மலையில் மூட்டை கட்டப்படுவதற்கு முன்பே சோதிக்கப்பட்டால் இன்னும் நல்லது. அப்போது அது உழவரைப் பிடிக்கும் பொறியாக அன்றி, இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பறியுங்கள் என்று சொல்லும் துணையாக இருக்கும். ஆனால் அந்த இரண்டு நாளில் விலை விழுந்தால் இழப்பை யார் ஏற்பது? உழவர் மட்டுமே ஏற்க வேண்டும் என்றால், நாம் அவரிடம் நேர்மையைக் கேட்கவில்லை, வீரத்தைக் கேட்கிறோம். நகரத்துப் பங்கு ஒன்றில் இருபது குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, மலைப்பங்கு ஒன்றின் உழவர் குழுவோடு பேசி, இந்த விலைக்குக் குறையாமல் வாங்குவோம், புழுத் துளை இருந்தாலும் வாங்குவோம், காத்திருப்பு நாட்களை நீங்கள் காக்க வேண்டும் என்று உடன்பட முடியாதா? மருந்தடிக்கும் இளைஞர்களுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்ய மாட்டோமா? திருவிழா வாணவேடிக்கைக்குச் செலவாகும் தொகையில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1990-ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியில் படைப்பைக் காப்பது நம்பிக்கையின் கடமை என்று உணர்த்தினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், பூச்சிக்கொல்லிகளையும் களைக்கொல்லிகளையும் மாசுகளின் வரிசையில் வைத்துப் பேசி, மண்ணின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் ஒன்றாகக் கேட்கப் பணித்தார். திண்ணையில் சுருண்டு கிடந்த அந்த இளைஞரிடம் இரண்டும் ஒன்றாகவே நம் காதில் விழுந்தன. திருப்பலியில் அப்பத்தை உயர்த்தும்போது, அது மண்ணும் மனிதக் கையும் சேர்ந்து தந்தது என்று அறிக்கையிடுகிறோம். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருக்கின்றதா என்று பார்ப்பதும் நம் வழிபாட்டின் பகுதியன்றோ?

சலேத் அன்னையும் ஒரு துண்டு ரொட்டியும்

கொடைக்கானலில் 1866 முதல் சலேத் அன்னையின் ஆலயம் விளங்குகின்றது. அங்கே சென்று வணங்காத தமிழகக் கத்தோலிக்கர் குறைவு. ஆனால் அன்னை அன்று எதைப் பற்றிப் பேசினார் என்பதை நினைப்பவர் அதனினும் குறைவு. 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில், மாடு மேய்த்த மெலனி, மாக்சிமின் என்னும் இரு சிறுவர்க்கு அவர் அழுதவண்ணம் தோன்றினார். உருளைக்கிழங்கு அழுகிப்போவதைப் பற்றியும், கோதுமை கெட்டுப்போவதைப் பற்றியும் பேசினார். மனிதர் தம் வழியை மாற்றாவிட்டால் விளைச்சல் நிலைக்காது என்றார். அயர்லாந்தைப் பட்டினி போட்ட அதே கிழங்கழுகல் காலம் அது. உருளைக்கிழங்கு விளையும் நம் மலைக்கு இந்த அன்னை வந்து அமர்ந்ததை நாம் வெறும் தற்செயலாக எண்ணவில்லை.

அக்காட்சியில் ஒரு சிறு நிகழ்ச்சி நம்மை எப்போதும் தொடும். கெட்டுப்போன கோதுமையைப் பார்த்ததில்லையா என்று அன்னை கேட்க, மாக்சிமின் இல்லை என்றான். அன்னை நினைவூட்டினார். தந்தையோடு ஓர் ஊருக்குப் போனபோது ஒருவர் கெட்ட கதிரைக் காட்டினார், கையில் தேய்த்தபோது அது தூளாயிற்று. திரும்பும் வழியில் தந்தை அவனிடம் ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்து, இவ்வாண்டு இதை உண், அடுத்த ஆண்டு உண்ணக் கிடைக்குமோ தெரியாது என்றார். சிறுவன் அதை மறந்திருந்தான். சமய ஈடுபாடு இல்லாதிருந்த அந்தத் தந்தை, தாம் மகனுக்குக் கொடுத்த ரொட்டித் துண்டை வானகம் நினைவில் வைத்திருந்தது என்று கேட்டபோதுதான் மனம் மாறினார் என்பது வரலாறு.

பிள்ளையின் கையில் நாம் வைக்கும் உணவை இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பம் கேட்கும் பிள்ளைக்குக் கல்லைக் கொடுக்கும் தந்தை உண்டோ என்று நம் ஆண்டவர் கேட்டபோது, எவரும் இல்லை என்பதே விடையாக இருந்தது. நம் காலத்தில் அக்கேள்வி, பிறர் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று நீண்டிருக்கின்றது. அந்தச் சிற்றூர் அம்மா இரக்கமற்றவர் அல்லர். முன்பின் அறியாத நம்மை வீட்டுக்குள் அழைத்து, தம் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்ததை நமக்கும் பரிமாறியவர். சந்தையில் நிற்கும் முகமற்ற மனிதருக்கும் அதே பாத்தியிலிருந்து கொடுக்க அவருக்கு மனம் இருக்கும். அதற்கு அவரைத் தனியே விடாமல் அவருடைய இழப்பில் பங்கேற்க நமக்கு மனம் இருக்கின்றதா என்பதையே, அடுத்தமுறை காய்கறிக் கூடையின்முன் நிற்கும்போது, ஒரு மனச்சான்றுச் சோதனையாக நாம் கேட்டுக்கொள்வோம். தெரியாது என்று இனி நாம் சொல்ல முடியாது.